போகும்போது ஒரு வீடு, வரும்போது ஒரு வீடு

இல்லம்மா, அந்த நாற்காலி வேண்டாம், இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அதுல உக்காந்தா நீங்க வந்ததே அவருக்குத் தெரியாது. பாருங்க, அவருக்குப் பயிற்சி கொடுக்க வர்ற உங்களுக்கே இதைப் போய்ச் சொல்றேன். பழக்க தோஷம். வர்றவங்க எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி, அன்னிக்கு கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் பாவம், நின்னுக்கிட்டே பாத்துக்கறேங்கன்னுட்டார்.

அவர் குளிக்கிறார். லேட்டாகும். வலது பக்கத்துக்கு சோப்பு போட்டு முடிச்சதும் குளிச்சாச்சுன்னு துண்டைக் கட்டிக்கிட்டு வந்துடுவார், நான் திருப்பி உள்ள அனுப்பணும். தினம் இதான். நீங்க டீ குடிங்க. ஆறிடப் போகுது.

நீங்க நேத்து சொல்லிட்டுப் போனீங்கல்ல. கை கால்ல பலம் நல்லா வந்துடுச்சு, ஸ்கேன்லயும் பரவால்ல, ஆனா இடது பக்கம் மட்டும் ஏன் இன்னும் பிடிபட மாட்டேங்குதுன்னு புரியல, பெரிய ஆஸ்பத்திரில சேர்த்து கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாம்னு. அதைக் கேட்டதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. இல்லல்ல, செலவுக்காக இல்ல. பயமும் இல்ல. சொல்றேன், இருங்க. எனக்கு எதையும் சுத்தி வளைச்சுதான் சொல்ல வரும். அவரே அதுக்குத் திட்டுவார். வாசல்லேருந்து கிச்சனுக்குப் போன்னா ஊரைச் சுத்திட்டுப் போற ஆளுன்னு.

அவர் வீட்டுக்கு பிளான் போடறவர்னு தெரியுமில்ல உங்களுக்கு? இந்த வீடே அவர் போட்டதுதான். கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடி தரையில சுண்ணாம்புப் பொடியால கோடு போடுவாங்க, பாத்திருப்பீங்க. இது ஹாலு, இது ரூமுன்னு. எங்களுக்குக் கல்யாணமான புதுசு. என்னைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கோட்டுக்குள்ள விட்டு, நடன்னார். எங்க நடக்கறதுன்னேன். அடுப்புலேருந்து தொட்டிக்குன்னார். அடுப்பும் இல்ல, தொட்டியும் இல்ல, வெறும் பொட்டல். கையில ஒரு செங்கல்லக் கொடுத்து, இதான் சட்டி, கொதிக்குது, இறக்கி வெக்கப் போற, நடன்னார். மேஸ்திரி பாக்கறார், மண்ணு சுமக்கற பொம்பளைங்க பாக்கறாங்க. கொதிக்குதுன்னாரில்ல, நான் என்ன பண்ணேன், ஒரு துணியை மடிச்சு அந்தச் செங்கல்ல பிடிச்சுக்கிட்டுப் போனேன். அதைப் பாத்ததும் அவர் மூஞ்சில ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் பாக்கல. பொண்ணு பொறந்தப்போ வந்துச்சுன்னு சொன்னாங்க, நான் மயக்கத்துல இருந்தேன்.

பேப்பர்ல இருக்கறது வீடு இல்ல, நடந்தாத்தான் வீடும்பார். சுவர்ங்கறது கண்ணுக்குத்தான் சுவரு, காலுக்கு அது திரும்பற இடம், அவ்வளவுதாம்பார். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பாக்க மாட்டார், ஆள் நடக்கறதைப் பாப்பார். என் தங்கச்சி இருக்கா. இடுப்புல குழந்தையை வெச்சுக்கிட்டு அவ வீட்டு ரூம் கதவைத் திறக்கத் தடுமாறினா. உள்ள தள்ளணும், திரும்பணும், மறுபடி இழுத்துச் சாத்தணும். அதை ஒரு தடவைதான் பாத்தார். மறுநாள் ஆளைக் கூட்டிட்டுப் போய்க் கதவைக் கழட்டி வேற பக்கமா மாட்டிட்டு வந்துட்டார். அவகிட்ட நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கல. அவ எனக்கு போன் பண்ணி, அக்கா, மாமாவுக்கு என் மேல என்ன கோவம்னா.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் இது வந்துச்சு. காலையில வெளிய கிளம்பினார். வலது கால்ல மட்டும் செருப்பு மாட்டிக்கிட்டு கேட் வரைக்கும் போயிட்டார். என்னங்க, இன்னொரு செருப்பு இங்க கிடக்குன்னேன். எந்தச் செருப்புன்னார். வாய் கோணல, பேச்சு குழறல, நல்லாத்தான் கேட்டார். கேட்டுட்டு அப்படியே கேட்டைப் பிடிச்சுக்கிட்டு சரிஞ்சுட்டார்.

பெரிய டாக்டர் எனக்கு விளக்கமாச் சொன்னார். கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா, மூளைதான் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே கணக்குல எடுத்துக்க மாட்டேங்குதுன்னு. நான் கேட்டேன், டாக்டர், இவர் ரொம்ப காலமாவே நிறைய விஷயத்தைக் கணக்குல எடுத்துக்கறதில்ல, அதுவும் இதுல சேர்த்தியான்னு. அவர் சிரிக்கல. அவங்களுக்கெல்லாம் ஏது நேரம்.

நீங்க இதெல்லாம் படிச்சிருப்பீங்க. நான் வீட்டுக்குள்ள நடந்ததைச் சொல்றேன்.

ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கே படுக்கையறைக் கதவு நிலையில இடது தோளை நங்குன்னு இடிச்சுக்கிட்டார். யார்டி இந்த நிலையை இங்க வெச்சதுன்னு கத்தினார். நீங்கதான்னேன். நான் வெச்சிருக்கவே மாட்டேன், எவனோ ஒரு முட்டாள் வெச்சிருக்கான்னார். சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்குப் பூரா அந்த முட்டாளைத் திட்டிக்கிட்டே இருந்தார். எனக்கு, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சு.

படுக்கை விஷயம் கேளுங்க. கல்யாணமானதுலேருந்து நான் அவருக்கு இடது பக்கம்தான் படுப்பேன். ஒரு நாள் விடிஞ்சதும் எழுந்து உக்காந்து, அவ எங்க போனா, ராத்திரியெல்லாம் ஆளைக் காணோமேன்னு தனியாப் பேசிக்கிட்டிருக்கார். நான் பக்கத்துலதான் போர்த்திக்கிட்டுக் கிடக்கேன். அதுக்கப்புறம் மாறிப் படுத்தேன். அது ஒரு கூத்தும்மா. எழுந்தா காலு தரைக்குப் பதிலா சுவர்ல போய் முட்டுது. ஜன்னல் மூஞ்சிக்குப் பக்கத்துல வந்துடுச்சு. இத்தனை வருஷம் படுத்த ரூமு, யாரோ உறவுக்காரங்க வீட்டுக்கு வந்து தங்கின மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் நினைச்சுக்கிட்டேன், ஒரு ஆளு படுக்கற பக்கம் மாறினதுக்கே வீடு இப்படி மாறுதே, அவருக்கு என்னவா இருக்கும்னு.

என்னவா இருந்துச்சுன்னா... இதோ, படுக்கையறையிலேருந்து இந்த ஹால் வரைக்கும் நீளமா ஒரு நடை வருதில்ல? உள்ளேருந்து ஹாலுக்கு வரும்போது வலது பக்கம் பாத்ரூம், அடுத்தது கிச்சன். இடது பக்கம் ஒரே ஒரு ரூம். அவ்வளவுதான் வீடு. அவர் ஹாலுக்கு வரும்போது பாத்ரூம் உண்டு, கிச்சன் உண்டு, அந்த ரூம் கிடையாது. ஹால்லேருந்து திரும்பி உள்ள போகும்போது எல்லாம் பக்கம் மாறிடுதில்ல? அப்போ அந்த ரூம் உண்டு, கிச்சனும் கிடையாது, பாத்ரூமும் கிடையாது. போகும்போது ஒரு வீடு, வரும்போது ஒரு வீடு.

ஹால்ல உக்காந்திருப்பார். பாத்ரூம் போகணும்னு எழுந்திருப்பார். நடையில போவார், பாத்ரூமைத் தாண்டிடுவார், நேரா படுக்கையறைக்குப் போய், அங்க சுவர் வந்ததும் வலது பக்கமாவே ஒரு சுத்து சுத்தித் திரும்பி வருவார். இப்போ பாத்ரூம் வலது பக்கம் வந்துடுச்சில்ல? ஆங், இங்க இருக்குன்னு உள்ள போவார். நான் கையைப் பிடிச்சுத் திருப்பி விட்டா கோவம் வரும். ஒரு நாள் சொன்னார், பாத்ரூமைக் கொண்டு போய் இவ்வளவு தள்ளியா வெப்பான்னு. அதே முட்டாள்தான்.

என்னங்க! முடிஞ்சுதா? இடது கைக்கு சோப்பு போட்டீங்களா?

கேட்டீங்களா? எந்தக் கைன்னு கேக்கறார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த ஒத்த ரூமு இருக்கில்ல, அதான் விஷயம். உங்களுக்குக் கதவு திறந்து விடுவாளே ஒருத்தி. நர்ஸ் வெச்சிருக்கீங்களான்னு கேட்டீங்க. நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்லல, தலையைத்தான் ஆட்டினேன். அவ எங்க பொண்ணும்மா. ஒரே பொண்ணு. இப்போ மருந்து வாங்கக் கடைக்குப் போயிருக்கா, அதான் அவ வர்றதுக்குள்ள சொல்லிடலாம்னு பாக்கறேன்.

அவளும் அவர் படிப்புதான் படிச்சா, அவரோடயே வேலை பாத்தா. ஒரே மேசையில எதிரும் புதிருமா உக்காந்து வரைவாங்க. சாப்பிடக் கூப்பிட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி ம்-ம்பாங்க, ஒரே மாதிரி வர மாட்டாங்க. அப்படி இருந்தவங்க. ஒரு வீட்டு மாடிப்படியில வந்துச்சு வினை. கடைசிப் படி மட்டும் மத்த படியை விடக் கொஞ்சம் உசரம். பாத்தா தெரியாது. ஆனா படி ஏறும்போது காலு ஒரு கணக்கைப் பழகிக்கும் பாருங்க, அந்தக் கணக்குலயே கடைசி வரைக்கும் தூக்கும். அந்த வீட்டுக்காரரோட அம்மா, வயசானவங்க, கடைசிப் படியில கால் தட்டி விழுந்து இடுப்பெலும்பு போயிடுச்சு.

வீட்டுக்காரர் இவங்களைக் கூப்பிட்டு அந்தப் படியிலயே நிக்க வெச்சுக் கேட்டார், யார் தப்பு இதுன்னு. இவர், மேஸ்திரி தப்புன்னார். மேஸ்திரி பக்கத்துலதான் நிக்கறார். இவதான் சொன்னா, இல்லப்பா, பிளான்லயே அப்படித்தான் இருக்கு, மேல பதிக்கப் போற தரைக் கல்லோட தடிமனை நாம கணக்குல சேர்க்காம விட்டுட்டோம்னு. நாமன்னுதாம்மா சொன்னா. அதைக் கவனிங்க. ஆனா அவர் காதுல நீங்கன்னு விழுந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து, இதே ஹால்ல நின்னு, இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், நான் இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதன்னுட்டார். அவ மட்டும் என்ன, அவர் பொண்ணுதானே. சரின்னு ஒரு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. வேற ஊரு, வேற வேலை. எனக்கு போன் பண்ணுவா. அப்பா எப்படி இருக்கார்னு அவ கேக்க மாட்டா, நானே சொல்லுவேன். போன்ல யாருன்னு அவர் கேக்க மாட்டார், அதையும் நானே சொல்லுவேன். வருஷக்கணக்கா என் பிழைப்பு இதான், தபால்காரி வேலை.

சமாதானம் பண்ணலையாவா? நல்லாக் கேட்டீங்க. அவரைத் தெரியாது உங்களுக்கு. ஒரு தடவை ஏதோ கோவத்துல, இனிமே எனக்கு டீயில சர்க்கரை போடாதன்னார். எதுக்குக் கோவம்னு அவருக்கும் மறந்து போச்சு, எனக்கும் மறந்து போச்சு. இன்னிக்கு வரைக்கும் சர்க்கரை இல்லாமத்தான் குடிக்கிறார். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே குடிக்கிறார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கறது எப்படின்னு அவருக்கு யாரும் சொல்லித் தரல.

அவர் விழுந்ததும் நான் அவளுக்குச் சொன்னேன். கிடைச்ச வண்டியில ஏறி வந்துட்டா. ஆஸ்பத்திரி ரூமுக்குள்ள நுழைஞ்சு நேரா கட்டில்கிட்ட வந்து நின்னா. நின்னது இடது பக்கம். வேணும்னு நிக்கல, அங்கதான் இடம் இருந்துச்சு. நான் அவசரமா எழுந்துட்டேன். இந்த நேரத்துல இவளைப் பாத்துக் கத்தி, ரத்தக் கொதிப்பு ஏறி, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடப் போகுதேன்னு. அவர் கண்ணு என்கிட்ட வந்துச்சு, சுவர் கடிகாரத்துக்குப் போச்சு, மறுபடி என்கிட்ட வந்துச்சு. அவகிட்ட போகவே இல்ல. அங்க இருந்த நர்ஸு, ஏம்மா அந்தப் பக்கம் நிக்கற, இந்தப் பக்கம் வந்தாத்தானே அவருக்குத் தெரியும்னா. இவ ஒரு நிமிஷம் என்னைப் பாத்தா. பரவால்ல சிஸ்டர், நான் இங்கயே இருக்கேன்னுட்டா.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, அவரோட இடது கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. அந்தக் கை தன்னோடதுன்னே அவருக்கு அப்போ தெரியாது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு ரகசியமாக் கேட்டார், இந்தக் கட்டில்ல வேற யார் கையோ கிடக்குது, வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுன்னு. அதுக்கு ஆளு இருக்கு, அவங்க பாத்துப்பாங்க, நீங்க தூங்குங்கன்னேன். இவ குனிஞ்ச தலை நிமிரல. அந்தக் கைக்கு நகம் வெட்டிக்கிட்டிருந்தா.

மூஞ்சில முழிக்க மாட்டேன்னு வாய் சொல்லுச்சு. உடம்பு அதைக் கேட்டுக்கிச்சு. அப்படித்தான் நினைச்சேன் நான்.

வீட்டுக்கு அவளும் வந்தா. அவ ரூம்தான் அது. அந்த ரூம்ல ஜன்னல் கட்டை கொஞ்சம் தாழ்வா இருக்கும், பாத்தீங்களா? சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவளை உக்கார வெச்சு, முட்டி வரைக்கும் அளவெடுத்து, அதுக்குத் தக்க பழசை இடிச்சு மாத்திக் கட்டினது. அவ அதுல உக்காந்துதான் படிப்பா. இப்போ உக்காந்தா காலு தரையில மடங்கிக் கிடக்கு. ஆனாலும் அதுலதான் உக்காருவா.

அவர் ஹாலுக்கு வர்ற நேரம் அவ ரூம்ல இருப்பா. திரும்பி உள்ள போற நேரம் எதிர்ல கிச்சனுக்குள்ள வந்துடுவா. நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல, அவளாவே பழகிக்கிட்டா. அவர் தடி சத்தம் எந்தப் பக்கமாப் போகுதுன்னு காதுலயே தெரியும் அவளுக்கு. கொஞ்ச நாள் போனதும் தைரியம் வந்துடுச்சு. அவர் நடக்கும்போது இடது தோளுக்குப் பின்னாடியே கூட நடப்பா. அவர் சாய்ஞ்சார்னா முதுகுல ஒரு விரல் வெப்பா, நிமிர்ந்துடுவார். சுவர் தாங்குதுன்னு நினைச்சுக்குவார் போல.

ஒரு நாள் நல்ல வேடிக்கை. அவர் ஹாலுக்கு வந்துக்கிட்டிருக்கார், இவ பின்னாடி. பாதி நடையில அவருக்கு மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்துடுச்சு, திரும்பறார். அவர்தான் வலது பக்கமாத்தானே சுத்துவார்? மெதுவா, தடியை ஊனி ஊனி அவர் சுத்தச் சுத்த, இவ அவரோட இடது தோளை விடாம, நுனிக்கால்ல நடந்து, பூமியைச் சுத்தற நிலா மாதிரி ஒரு அரைச் சுத்து வர்றா. நான் கிச்சன் வாசல்ல கரண்டியோட நிக்கறேன். அவளை நாங்க டான்ஸ் கிளாஸுக்கெல்லாம் அனுப்பல. அனுப்பியிருந்தாலும் அவ்வளவு சுத்தமா ஆடியிருக்க மாட்டா. அவர் ரூமுக்குப் போய்க் கண்ணாடியைத் தேடு தேடுன்னு தேடினார். மூக்குலயே இருந்துச்சு.

அப்புறம்தான் நீங்க வந்தீங்க. நிலைக்கு இடது பக்கம் சிவப்பு டேப் ஒட்டினீங்க, தலையைத் திருப்பித் தேடச் சொன்னீங்க, இடது கையை வலது கையால தொடச் சொன்னீங்க. நல்லாத்தான் செஞ்சீங்க, குறையே சொல்ல மாட்டேன். நீங்க போனதும் அதையெல்லாம் நான் தினமும் செய்ய வெக்கறேன்னு நினைச்சிருப்பீங்க. எனக்கு மனசே வரல. ஒரு நாள் செய்வேன், ஒரு நாள் மறந்த மாதிரி இருந்துடுவேன். அவதான் கிச்சன்ல வந்து என்னைப் பிடிப்பா. இன்னிக்கு ஏன்மா பண்ணலன்னு. அவருக்கு அந்தப் பக்கம் வந்துடுச்சுன்னா நீ எங்கடி போவன்னேன். வந்த ஊருக்குத்தான்னா. முதல்ல அப்பாவுக்கு சரியாகட்டும், ஆகற அன்னிக்கு நான் கிளம்பிடறேன், அவர் சொன்ன சொல்லு அவருக்குன்னா.

சும்மா சொல்லலம்மா. வந்து இத்தனை மாசம் ஆச்சு, கொண்டு வந்த பையை அவ இன்னும் அவுத்து வெக்கல. துணியை எடுத்துப் போட்டுப்பா, துவைப்பா, மடிச்சு மறுபடி அந்தப் பைக்குள்ளயே வெச்சுடுவா. அலமாரி காலியாக் கிடக்கு. தானே செய்ய வெக்க முடியாதுங்கறதால என்னை விரட்டி விரட்டிச் செய்ய வெப்பா. தன்னை வெளிய அனுப்பற வேலையை இவ்வளவு அக்கறையா செய்யற ஆளை நான் பாத்ததில்ல.

அப்புறம் என்ன, பலன் தெரிய ஆரம்பிச்சுது. என்ன பலனா? அதைத்தானே சொல்ல வர்றேன், அவசரப்படாதீங்க.

அவர் இடது தோள் எப்பவும் கன்னிப் போயிருக்கும். நிலையில இடிச்சு, அலமாரியில இடிச்சு. நான்தான் தினமும் மருந்து தடவுவேன். ஒரு நாள் மருந்தை விரல்ல எடுத்துக்கிட்டு உக்காந்தேன், தடவ ஒண்ணுமில்ல. சரி, ஏதோ நல்ல நேரம்னு விட்டேன். அப்புறம் ஷேவிங். வலது பக்கம் மட்டும்தானே பண்ணுவார்? முன்னெல்லாம் அது பாதியில எங்கயாவது குத்துமதிப்பா நிக்கும், ஒரு நாள் மோவாய் தாண்டி, ஒரு நாள் தாண்டாம. இப்போ பாத்தா நடு மோவாயில ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நிக்குது. பிளான் போடற கையில்ல? தட்டுல இடது பக்கம் பிடிக்காத காயை வெச்சா அப்படியே கிடக்கும். முட்டை வெச்சா இருக்காது. நான் எதுவும் கேக்கல. அவளும் இதையெல்லாம் பாத்திருப்பா, அவளும் எதுவும் சொல்லல. பையை மட்டும் ஒரு நாள் எடுத்துக் கட்டில் மேல வெச்சா. மறுநாள் பாத்தா பை மறுபடி கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. மூணு பேர் இருக்கற வீட்டுல மூணு பேரும் வாயை மூடிக்கிட்டா எவ்வளவு அமைதியா இருக்கும் தெரியுமா? ஃபேன் சுத்தற சத்தம் கேக்கும்.

சரி, அவருக்கு இடது பக்கம் தெரிய ஆரம்பிச்சுடுச்சு, ஆனா வீட்டுல இவ இருக்கறது தெரியுமா தெரியாதா? அதான் எனக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. போன வாரம் தெரிஞ்சுடுச்சு.

அவர் ஹாலுக்கு வந்துக்கிட்டிருந்தார், தடியை ஊனிக்கிட்டு. இவ பாத்ரூம்லேருந்து ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு அவர் பின்னாடி வர்றா. நல்ல கனம், போர்வையெல்லாம் நனைச்சிருந்தோம். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, உடம்பு ஒரு பக்கமா இழுக்க, அவர் வேகத்துக்கு மெதுவா மெதுவா வர்றா. எப்பவும் அப்படித்தான், அவரைத் தாண்டிப் போக மாட்டா. நான் இங்க உக்காந்து காய் நறுக்கிக்கிட்டிருந்தேன், நேரா தெரியுது எனக்கு. அவர் நின்னார். தடியை வலது பக்கமா எடுத்து வெச்சார். ஒரு அடி வலது பக்கமா நகர்ந்தார். தோளைச் சுவர்ல சாய்ச்சு, மூஞ்சியைச் சுவர் பக்கமா வெச்சுக்கிட்டு, அப்படியே நின்னார்.

அவளும் நின்னுட்டா. பக்கெட்லேருந்து தண்ணி சொட்டுது. என்னைப் பாக்கறா. நான் காயைப் பாக்கறேன்.

அவர் அசையல. வயசான மனுஷன், நிக்க முடியாது அவரால, காலு லேசா ஆடுது. ஆனாலும் நிக்கறார். அப்புறம் அவ பக்கெட்டை ஒரு பக்கமா ஒடுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவரைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, வெளிய போனா. கொடியில துணி உதறற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் அவர் சுவரை விட்டு நகர்ந்தார். வந்தார், நாற்காலியில உக்காந்தார், டீ கேட்டார். கொடுத்தேன்.

இல்லாத ஆளுக்கு யாராவது ஒதுங்கி வழி விடுவாங்களாம்மா?

அவ துணி காயப் போட்டுட்டு உள்ளயே வரல, ரொம்ப நேரம். நான் போய்ப் பாத்தேன். போர்வைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தா. கண்ணுல சோப்பு பட்டுடுச்சுன்னா. அலசின துணியில ஏது சோப்பு. சரி கழுவிக்கோன்னுட்டு வந்துட்டேன்.

நேத்து நீங்க ரெண்டு கையையும் விரிச்சு, எந்தப் பக்கத்து விரல் ஆடுதுன்னு கேட்டீங்க. இடது பக்கம் ஆட்டினப்போ, எதுவும் ஆடலன்னார். சட்டுன்னு சொல்லிட்டார் பாருங்க. நிஜமாவே தெரியாதவங்க கொஞ்சம் தேடிட்டுதான் சொல்வாங்க. முதல்லல்லாம் அப்படித்தானே தேடினார்?

கோவப்படாதீங்கம்மா. உங்களை ஏமாத்தணும்னு யாருக்கும் எண்ணமில்ல. அவர் குணமாயிட்டார்னு நீங்க சொல்லிட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, அப்புறம் அவர் சொன்ன சொல்லுக்கு அவர் என்ன பண்ணுவார்? அவ சொன்ன சொல்லுக்கு அவ பையைத் தூக்கிடுவா. ரெண்டும் ஒரே அச்சு. இப்போ அவர் அவளைப் பாக்கல, அவளும் அவர் முன்னாடி வரல. யாரும் யாருக்கும் தோக்கல. ஆனா வீட்டுல மூணு தட்டு கழுவறேன் நான்.

நீங்க வந்துக்கிட்டே இருங்க. உடற்பயிற்சி, டேப் ஒட்டறது, எல்லாம் வழக்கம் போல. விரலை ஆட்டுங்க, எதுவும் ஆடலம்பார், சரிங்க சார்னு கேட்டுக்கோங்க. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாம்மா. அங்க இருக்கறவங்க ரொம்பக் கெட்டிக்காரங்களாம். அவருக்கு ஒண்ணுமே இல்லன்னு கண்டுபிடிச்சுடுவாங்க.